சந்தனப் பொட்டு வைத்த இறக்கை

இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி இல்லையென்றால் என் தம்பி திலீப் தட்டைத் தள்ளிவிடுவான். அன்று காலையும் நான்தான் அரைத்துக் கொடுத்தேன். அம்மாவும் நைனாவும் போன பிறகு அவனுக்கு எல்லாம் நான்தான். எங்கள் ஊர் குடிபாலாவில் என்னைத் தணிகாசலம் என்று யாரும் கூப்பிடுவதில்லை சார், திலீப் அண்ணன் என்றுதான்.

திருப்பதிக்குப் பக்கத்தில் சின்ன விமானம் செய்யும் கம்பெனியில் நான் இறக்கைகளைச் சோதிப்பவன். அவன் ஓட்டிப் பார்ப்பவன். புது இறக்கையின் தகட்டில் கார்பன் நானோகுழாய் கலந்திருந்தது. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் எந்த இறக்கைக்கும் ஒரு வேகம் உண்டு. அதைத் தாண்டினால் காற்றும் இறக்கையும் ஒன்றையொன்று உலுக்கி, நடுக்கம் தானாக வளரும். ப்ளட்டர் என்போம். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் அது முன்னதாகவே வந்துவிடும்.

அந்த இறக்கையோடு பறந்து பார்க்கும் சோதனை தேறினால் திலீப்புக்கு ஜெர்மனியில் வேலை. அண்ணன் தனியாக என்ன செய்வான் என்று அவன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

துணி சுற்றிய சுத்தியலால் இறக்கையில் ஓரிடத்தில் அடித்தேன். வெளியே லேசான மங்கல்தான். காசால் தட்டிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் கணீரென்றது, அங்கே மட்டும் சத்தம் செத்திருந்தது; உள்ளே அடுக்கு பிரிந்துவிட்டது. கணக்கும் போட்டேன். நடுக்கம் சீக்கிரமே தொடங்கும், பயந்து இறங்கிவிடுவான், சோதனை தோற்கும், பிள்ளை வீட்டோடு இருப்பான். அவ்வளவுதான் என் ஆசை.

புது இறக்கைக்குப் பூஜை போடுவது எங்கள் வழக்கம். மங்கலான இடத்தின் மேலேயே பெரிதாகச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். எனக்குப் பிறகு தட்டிப் பார்க்க வேண்டியவள் ஸ்ரீதேவி. பொட்டைச் சுற்றி எல்லா இடத்திலும் தட்டினாள். சாமிப் பொட்டின் மேல் யார் காசால் தட்டுவார்கள்? அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்களே, விட்டுவிடுங்கள். அதற்காகத்தான் சித்தூர் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

திலீப் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினான்.

நடுக்கம் கணக்குப்படியே வந்தது. அவன் இறங்கவில்லை. ரேடியோவில் என்னைக் கேட்டான்.

"ண்ணா, றெக்கை ஆடிக்கினு கீது. நீ தட்டிப் பாத்த இல்ல?"

ரேடியோவைச் சுற்றி நின்ற எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறங்கு என்று ஒரு சொல் போதும். ஏன் என்று கேட்பார்களே.

"பாத்தேன்டா."

"அப்ப செரி" என்று வேகத்தைக் கூட்டினான்.

கங்காதர நெல்லூர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தில் விழுந்தான். எங்கள் நிலத்திலேயே, வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி அடக்கம் செய்தேன். இன்று காலையும் சட்னி அரைத்து அங்கே வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், சார். என் தம்பியிடம் நான் பொய்யே சொன்னதில்லை.