தானா ஓடுற மிஷின்

சாயங்காலம் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் நூல் மில் ஆட்கள் இரண்டு பேர். மீசையில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது. அவர்களில் ஒருவரான மில் எலெக்ட்ரீஷியன் அலுப்போடு சொன்னார்:

"நான் எழுப்பாம அது எந்திரிக்கக் கூடாதுப்பா."

"எது?" என்றார் கூட இருந்தவர்.

"புது மிஷினுதான். கரண்டு வந்ததும் தானா ஓடுற மாதிரி கம்ப்யூட்டர்ல புரோகிராம் போட்டுட்டுப் போயிட்டான், மிஷின் மாட்ட வந்த மெட்ராஸ்காரன்."

"நல்லதுதான? ஓடிப்போயி சுவிட்சு போடுற வேலை மிச்சம்."

"கரண்டு போனா நம்ம பொம்பளையாளுக என்ன செய்வாக?"

"ரோலர்ல சுத்துன பஞ்ச விரல விட்டு எடுப்பாக" என்றார் கூட இருந்தவர்.

"இன்னைக்கும் எடுத்துக்கிட்டுதான் இருந்தாக. கரண்டு வந்திருச்சு. ஒருத்திக்கு வளையல் நொறுங்குனதோட போச்சு."

"மேனேஜர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். மெட்ராசுக்கு லெட்டர் போடுறேன், அதுவரைக்கும் பாத்து ஓட்டுங்கன்னுட்டாரு."

"அப்ப ராத்திரி ஷிப்டுக்கு மிஷின் ஓடுமே?"

எலெக்ட்ரீஷியன் மடியில் இருந்த சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டினார். உள்ளே, ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில், அந்த மிஷினின் பியூஸ் கட்டை கிடந்தது.

"ஓடாது."