சுவர் மாட்டுக்குச் சுழி பார்த்தவர்

"இந்த மாட்ட ஓசியில குடுத்தாலும் நான் புடிச்சுட்டுப் போக மாட்டனுங்க" என்றார், எனக்கு முன்னால் நின்றவர். மீனாட்சிபுரத்தில் காலைப் பால் ஊற்றும் வரிசை அது. அவர் மாட்டுத் தரகர். அவர் சொன்ன வெள்ளை மாடு, பால் சங்கத்தின் புதுச் சுவரில் பெயின்ட் காயாமல் நின்றது. மறுநாள் திறப்பு விழா. தரகர் சரி என்றால்தான் படம் சுவரில் இருக்கும் என்று செயலாளர் சொல்லிவிட்டாராம். வரைந்தவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஏனுங்க, மடி சின்னதாப் போச்சுங்களா?"

"மடி, கொம்பு, கண்ணு எல்லாம் லட்சணமுங்க. முதுகுல பாருங்க, சுழி. அந்த எடத்துல சுழி இருந்தா வாங்குன ஊடு வெளங்காதுங்க."

"அது சுழி இல்லீங்க. பிரஷ்ஷு சுத்துன தடம்."

"நெச மாட்டுக்கும் அது மயிரு சுத்துன தடந்தானுங்க."

வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஓவியர் மறுபடி ஏறி, வெள்ளையைத் தொட்டு அந்த இடத்தை மெழுகிவிட்டு இறங்கினார்.

"இப்ப சுழி இல்லீங்களே."

தரகர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "சுழிய மறைச்சு விக்கற மாட்ட நான் எத்தன சந்தையில கண்டுபுடிச்சிருக்கறன். இப்பத்தானுங்க சந்தேகம் வலுக்குது."

"அப்ப என்னதானுங்க பண்றது?"

"வேற மாடு வரையுங்க."

"அதுலயும் குத்தம் சொல்லுவீங்களா?"

"மாட்டப் பாக்காம எப்படிங்க சொல்றது?"