சிமெண்ட் ஒட்டின கைடு

— இதையும் எடுத்துக்க. சாயில் மெக்கானிக்ஸ். மொத ஆறு பாடம் போதும். மீதியப் படிச்சு மண்டைய ஒடச்சுக்காத.

— எல்லாத்தையும் குடுத்துருங்களேண்ணா. வூட்டுக்குப் போயி பாத்துக்கறேன்.

— எல்லாத்தையும் தூக்கிட்டுப் போனா ஒண்ணையும் படிக்க மாட்ட. மொத தடவ நான் அப்பிடித்தான். தருமபுரியில ஒரு கடையில இருந்த கைடு பூராவும் வாங்கியாந்து அடுக்கி வெச்சு, அதப் பாத்துப் பாத்தே சந்தோஷப்பட்டேன். ரிசல்ட்டு வந்தப்ப என் நம்பரே இல்ல.

— இப்ப பாஸ் பண்ணிட்டீங்கல்ல.

— மூணாந்தடவ. அடுத்த புதன்கெழம சென்னையில கவுன்சிலிங். அதான் வாட்ஸாப் ஸ்டேட்டஸ்ல போட்டேன், கவர்மெண்ட்டு ஏ.இ. பரீட்சைக்குப் படிக்கிறவங்க வந்து எடுத்துக்குங்கன்னு. நீதான் மொத ஆளு. பேரு என்ன சொன்ன... எழில்...

— எழிலரசிங்க. பி.இ. சிவில் முடிச்சு ரெண்டு வருஷமாச்சு. பாப்பாரப்பட்டியில ஒரு ஜெராக்ஸ் கடையில இருக்கேன்.

— ஜெராக்ஸ் கடையா? அப்ப ஊருல சுத்தற நோட்ஸ் பூரா உங்கையிலதான இருக்கும். அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்த?

— கைக்கு வருதுங்க. தலைக்குத்தான் வரமாட்டேங்குது.

— நல்லாத்தான் பேசற. நின்னுக்கிட்டே இருக்கியே, ஒக்காரு. அம்மா டீ போடறாங்க.

— இருக்கட்டுங்க மாதவராஜண்ணா. நான்... புஸ்தகத்துக்கு மட்டும் வரலீங்க.

— பின்ன?

— ஒரு சந்தேகம் கேக்கணும். எங்கம்மாவுக்கு ஒரு பதிலு கொண்டுட்டுப் போவணும். அது இல்லாம இன்னிக்கு வூட்டுக்குப் போறதில்லன்னு வந்தேன்... மொதல்ல புஸ்தகத்த முடிச்சிருங்க.

— அம்மாவுக்கா? அவங்க என்ன, சிவில் படிச்சவங்களா?

— படிக்கலீங்க. ஆனா சிவில்தான்.

— ம்... சரி கேளு, அதுக்கென்ன. இந்தா, பழைய கேள்வித்தாள். பத்து வருஷத்துது. இதத்தான் மொதல்ல போடணும். எது தெரியுது, எது தெரியலன்னு குறிச்சு வெச்சுட்டு, அப்பறமா பாடப் புஸ்தகத்த எடு. நெறையப் பேரு தலகீழாப் பண்ணுவாங்க.

— இது?

— கோச்சிங்ல குடுத்த நோட்ஸ். உட்டுரு. ஒரே கணக்கு மூணு எடத்துல மூணு விதமா இருக்கும். தமிழ்த் தகுதித் தாளுக்கு இத எடுத்துக்க, அலட்சியமா இருந்துராத. அதுல தேறலன்னா மத்த பேப்பரத் திருத்தவே மாட்டாங்க.

— எங்கம்மா கூட அதத்தான் சொல்லும். தமிழ உட்டுராத, உட்டுராதன்னு. முன்னெல்லாம் சொல்லும்...

— இப்ப சொல்றதில்லியா?

— இப்ப நான் புஸ்தகத்தத் தொட்டாலே எந்திரிச்சு வெளிய போயிடுதுங்க. வூட்டுல என்னால ஒரு பக்கம் படிக்க முடியல.

— ஏன்?

— ... அந்தக் கைடு என்னங்க, மஞ்ச அட்ட? அந்த மூலையில.

— அது வேணாம்.

— எங்க செட்டுல எல்லாரும் அதத்தான் மொதல்ல வாங்கச் சொல்றாங்க. கடையில இப்ப கெடைக்கறதில்லீங்களாம்.

— வேணாம்மா. பழசு அது. விடையெல்லாம் தப்பு தப்பா இருக்கும்.

— பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல டிக் அடிச்சிருக்கீங்களே. தப்புன்னு தெரிஞ்சா இவ்ளோ போட்டிருப்பீங்க?

— எழிலு, அத வெச்சுரு. உனக்கு வேற வாங்கித் தர்றேன்.

— அட்டையில சிமெண்ட்டு ஒட்டி காஞ்சிருக்குதுங்க.

— சைட்டுக்குக் கொண்டுட்டுப் போவேன்.

— சைட்டுல படிப்பீங்களா?

— மத்தியானம், சாப்பாட்டு நேரத்துல... உன் சந்தேகத்தக் கேளு. டீ ஆறிப் போயிரும்.

— செவுத்துலருந்து வெளிய நீட்டிட்டு நிக்கிற சிலாபு. முன்னாடி தூண் கெடையாது. அதுக்கு முக்கியக் கம்பி மேல வரணுங்களா, கீழ வரணுங்களா?

— மேல. இது ஒரு மார்க்குக் கேள்வி. பி.இ. முடிச்சுட்டு இதக் கேக்கவா வந்த?

— மேல கட்டுன கம்பிய, கான்கிரீட்டு கொட்டறப்ப சித்தாளுங்க மிதிச்சு, அது கீழ எறங்கிருச்சுன்னா?

— ... அது பரீட்சையில வராது.

— வராதுங்க. அதான் உங்ககிட்ட கேக்கறேன்.

— எறங்கிருச்சுன்னா... அந்தக் கம்பி இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அடியில பலகை முட்டுக் குடுத்திருக்கிற வரைக்கும் நிக்கும். பலகையப் பிரிச்சா... நீ யாரு பொண்ணு?

— குள்ளம்மாள் பொண்ணுங்க. தெரியுதுங்களா?

— பச்சத் துண்டுல சும்மாடு கட்டிட்டு வருவாங்க.

— ஆமாங்க. அந்த ரோட்டோர மாடி வூட்டுக்குக் கான்கிரீட்டு போட்டாங்கள்ல, நீங்க சைட் இன்ஜினியரா இருந்தப்ப. எங்கம்மாதான் கலவச் சட்டி தூக்குச்சு. பதினெட்டு நாள் கழிச்சு போர்டிகோ பலகையப் பிரிக்கறப்ப அந்தச் சிலாபு எங்கூரு பெரியண்ணன் மாமா மேலயே...

— தெரியும்மா. நான் இருந்தேன்.

— பிரிச்ச அன்னிக்கு இருந்தீங்க.

— ... நீ எதுக்கு இத மொதல்லயே சொல்லல?

— சொன்னா உள்ள ஒக்கார வெச்சிருப்பீங்களாங்க?

— வெச்சிருப்பேன். என்னம்மா இப்பிடிக் கேக்கற.

— எட்டு மாசமாச்சு. ஒரு தடவ கூட நீங்க எங்கூருப் பக்கம் வரல. அதான் கேட்டேன்.

— உங்கம்மா எப்பிடி இருக்காங்க?

— வேலைக்குப் போறதில்ல. தண்ணிக்கு மாமா வூட்டு வழியாப் போவாது, சுத்திக்கிட்டு வேற தெரு வழியா வரும். மாமா சம்சாரம் நல்லாத்தான் பேசுது. கொழம்பு கூடக் குடுத்தனுப்புது. அது வந்துச்சுன்னா அன்னிக்கு எங்கம்மா சோறு திங்காது. கேட்டா, நாந்தாண்டி கொன்னேங்குது. ராவும் பகலும் இதே பேச்சு.

— அவங்க எப்பிடிம்மா...

— நீங்கதாங்க எழுதிக் குடுத்தீங்க. கான்ட்ராக்டர் போலீஸ் டேசன்ல குடுத்த பேப்பர்ல, வேலையாளுங்க கவனமில்லாம கம்பி மேல நடந்ததால எறங்கிருச்சுன்னு. அடியில உங்க கையெழுத்து இருக்குது. எங்க கடைக்குத்தான் ஜெராக்ஸுக்கு வந்துச்சு. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.

— அவரு எழுதி வெச்சிருந்தாரு. நான் கையெழுத்து மட்டும்...

— மட்டும்.

— பொய்யும் இல்லம்மா அது. மிதிச்சது நெசம்தான.

— மிதிக்காம எப்பிடிங்க போறது? நடக்கறதுக்குப் பலகை போட்டிருந்தீங்களா?

— இல்ல.

— மேல் கம்பி எறங்காம தாங்கறதுக்கு நடுநடுவுல கம்பி வளச்சு வெப்பாங்களே...

— மேஸ்திரி நாலு போதும்னாரு. இருவது வேணும்னு எனக்குத் தெரியும். சரின்னுட்டேன். பத்து மணிக்குள்ள போட்டு முடிக்கணும்னு எல்லாரும் பறந்துக்கிட்டு இருந்தாங்க.

— அப்பிடியே எறங்குனாலும் இன்ஜினியர் நின்னு பாத்துட்டே இருந்தா, கொக்கி போட்டுத் தூக்கி உட்டுரலாம்தானங்க?

— தூக்கிரலாம். அஞ்சு நிமிஷ வேல.

— அதத்தாங்க எங்கம்மாகிட்ட வந்து சொல்லச் சொல்றேன். நான் சொன்னா கேக்காது. பெத்த தாயிக்காகப் பேசறன்னு நெனைக்கும். நீங்க வந்து, குள்ளம்மா, உம்மேல தப்பில்லன்னு ஒரு வார்த்த... அது போதும். இந்தப் புஸ்தகம் எதுவும் எனக்கு வேண்டாங்க.

— புதன்கெழம எனக்குக் கவுன்சிலிங் இருக்கும்மா.

— தெரியுங்க.

— நான் அங்க வந்து பேசுனா நாலு பேரு கேப்பாங்க. பெரியண்ணன் வூட்டுக்காரங்க கேப்பாங்க. நான் போட்ட கையெழுத்த நானே பொய்யின்னு சொன்ன மாதிரி ஆயிடும். மூணு வருஷம் படிச்சிருக்கேன். எங்கம்மா மாட்ட வித்து கோச்சிங் அனுப்புனாங்க.

— சரிங்க.

— சரின்னா?

— கெளம்பறேங்க. டீ வேண்டான்னு சொல்லிருங்க அம்மாகிட்ட.

— இரு... எழிலு, இரும்மா. ஒக்காரு. கான்கிரீட்டு போட்ட அன்னிக்கு நான் எங்க இருந்தேன்னு நீ கேக்கவே இல்ல.

— டேசன்ல சொல்லியிருக்கீங்களே. போன் வந்துச்சு, ரோட்டுக்குப் போனேன்னு.

— போன் வரல. சிமெண்ட்டு மூட்ட அடுக்கியிருந்த ஷெட்டுக்குள்ள இருந்தேன். பரீட்சைக்கு இருவத்திரெண்டு நாளுதான் இருந்துச்சு. கம்பியெல்லாம் கட்டிப் பாத்தாச்சு, இனி கொட்டற வேலதானன்னு மூட்ட மேல ஒக்காந்து இந்தக் கைடத் தொறந்தேன். அரமணி நேரம்னு நெனச்சேன். நீர்ப்பாசனத்துல எழுவது கேள்வி போட்டேன். அறுவத்தெட்டு சரி. அது கூட ஞாபகம் இருக்குது பாரு. வெளிய வந்தப்ப போர்டிகோ போட்டு முடிச்சு மேல தேச்சுக்கிட்டு இருந்தாங்க. எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டேன். மேஸ்திரி ஆமான்னாரு. நான் பாக்காத ஒண்ண, பாத்தேன்னு ரிஜிஸ்டர்ல எழுதுனேன்.

— இத யாருகிட்டயும் சொல்லலீங்களா?

— எங்கம்மாவுக்குக் கூடத் தெரியாது. அந்த நீர்ப்பாசனத்துல படிச்சது பரீட்சையில ஒம்போது கேள்வி வந்துச்சு. ஒம்போதும் போட்டேன். என் கட்டாஃபுக்கு மேல எனக்கு இருந்தது ஏழு மார்க்கு. ரிசல்ட்டு வந்த அன்னிக்கு எல்லாரும் கேசரி தின்னாங்க. எனக்கு எறங்கல. சரி, எழுந்திரு. போலாம்.

— எங்கீங்க?

— உங்கூருக்கு. இன்னிக்கே. நாளைக்குன்னா நான் வரமாட்டேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும். கவுன்சிலிங்குக்கு முன்னாடி டேசனுக்கும் போயி மாத்தி எழுதிக் குடுத்துடறேன். அப்பறம் வேல கெடைக்குதோ இல்லியோ. மொதல்ல உங்கம்மா. மிதிச்சது உன் தப்பில்ல ஆத்தா, கலவச் சட்டி தூக்கறவங்களுக்குக் கம்பி எறங்குதா இல்லியான்னு எப்பிடித் தெரியும், பாக்க வேண்டியவன் நான், நான் பாக்கலன்னு சொல்றேன். நீங்க யாராவது ஒரு கொரல் குடுத்திருந்தா ஓடியாந்திருப்பேன்னு சொல்றேன். கால்ல உழச் சொன்னா உழறேன்.

— அண்ணா... அத மட்டும் சொல்லாதீங்க.

— எத?

— இருவது வருஷமா கான்கிரீட்டு சுமக்குதுங்க எங்கம்மா. கம்பி எறங்குனது அதுக்குத் தெரியும். பாத்துச்சு. சட்டியக் கீழ வெச்சுட்டு உங்களக் கூப்புட ஷெட்டு வரைக்கும் வந்துச்சு. நீங்க மூட்ட மேல தலயக் கவுத்து, உதட்டக் கடிச்சுக்கிட்டு எழுதிட்டு இருந்தீங்களாம். எம்புள்ளையும் இப்பிடித்தான படிக்குது, யாரு பெத்த புள்ளையோ, பரீட்ச நேரத்துல எதுக்குக் கெடுக்கணும்னு வாசல்லயே நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சு. மிதிச்சதுக்கு அது அழுவலீங்கண்ணா. இத எங்கிட்ட மட்டுந்தான் சொல்லிச்சு. நீங்க வாங்க, என்ன வேணா பேசுங்க. ஆனா கூப்புட்டிருந்தா வந்திருப்பேன்னு மட்டும் அதுகிட்ட சொல்லிராதீங்க.