பிரெஞ்சுத் துப்பாக்கியும் ராக்கப்பன் பெயரும்

அவைக்கு அணிசெய்து அமர்ந்திருக்கும் தலைவர் கோபாலசாமி அவர்களே, மஸ்கட் ரூவித் தமிழரின் மூத்தோரே, கடல் கடந்தும் கனிவு குறையாத தாய்மார்களே, கேம்பிலிருந்து லாரியேறி வந்த தோழர்களே, நாளை ஊருக்கு விமானமேறும் நம் ராக்கப்பனே, வணக்கம்.

ஆறாண்டுகளுக்கு முன், எழுபத்திரண்டில், மத்ராவில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை. நான் ஃபோர்மேன், அவர் ஃபிட்டர். ஒரே ரூம், ஒரே அடுப்பு, ஒரே ரேடியோ. அந்த நாட்கள் இனி வருமா? நினைத்தாலே நெஞ்சு நெகிழ்கிறது ஐயா.

ஒருநாள் சைஃப் என்ற ஓமானியப் பெரியவர், தம் பாட்டனாரின் வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். பிரான்ஸ் நாட்டில் நூறாண்டுக்கு முன் பிறந்தது. அடடா, அதன் அழகை என்னென்பேன். கட்டையிலே கொடி, பூட்டிலே கௌதாரி, குழலிலே கோலம். செதுக்கியவன் எவனோ, அவன் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். கட்டையில் ஒரு விரிசல், அவ்வளவுதான் பழுது.

இரட்டைக் குழலின் பின்விளிம்பில் குழலுக்கொரு சிறிய வெட்டு. தேய்மானம் என்று நினைத்தேன்.

"அண்ணே, இது தேஞ்சதில்ல. வேணும்னே வெட்டியிருக்கான். கை வைக்க வேணாம்," என்றார் ராக்கப்பன்.

"எனக்கே பாடம் சொல்றியா? பித்தளை வச்சு அடை, ஜல்தி."

அடைத்தார். அதுதான் தெரிந்த கதையாயிற்றே என்று சிரிக்கிறீர்களா? கேளுங்கள். அந்தக்காலத் தோட்டாவின் பக்கவாட்டில் ஓர் ஊசி நிற்கும். ஊசி அந்த வெட்டில் உட்கார்ந்தால்தான் சுத்தி அதை அடிக்கும், வெடிக்கும். சைஃப் தோட்டாவைப் போட்டார். துப்பாக்கி மூடவில்லை. அவர் கண் கலங்கிவிட்டது.

"கோன் கியா?" என்றார் பட்டறை முதலாளியான எங்கள் கஃபீல். யார் செய்தது? நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் பாய்," என்றார் ராக்கப்பன்.

"கலாஸ். இதைச் சரிபண்ணு. அப்புறம் உனக்கு பந்தூக் மாஃபி." இனித் துப்பாக்கி வேலையே கிடையாது என்று அர்த்தம்.

மூன்று நாள் அரத்தால் ராவி, அந்த வெட்டை அச்சுப் பிசகாமல் திறந்தார். பிறகு ஆறாண்டு தண்ணீர்ப் பம்புதான் அவர் வேலை. துப்பாக்கியைக் கெடுத்தவன் என்று நீங்களே பேசினீர்கள் அல்லவா?

ஏன் இப்படிச் செய்தாய் என்று அன்றே கேட்டேன். "நளினி அண்ணிக்கு ஃபேமிலி விசா வர்ற நேரம்ணே. உங்க வேலை போனா? விடுங்க," என்றார். விட்டேன். ஆறாண்டு விட்டேன். என் மனைவி, அந்த நளினி, இதோ முன்வரிசையில் இருக்கிறாள். அவளுக்கும் இன்றுதான் தெரிகிறது.

பெரியோர்களே, தாய்மார்களே, அடைக்கச் சொன்னவன் இந்தச் சேதுமாதவன். வேண்டாம் என்று தடுத்தவர் ராக்கப்பன். பின்னால் நிற்பவருக்குக் கேட்கிறதா? கேட்கவில்லையென்றால் இன்னொருமுறை சொல்கிறேன். அடைக்கச் சொன்னவன் நான். நாளை இதையே கஃபீலிடமும் சொல்வேன். என்ன வந்தாலும் வரட்டும்.

பொறுத்துக் கேட்ட சபைக்கு நன்றி. தம்பி ராக்கப்பா, எழுந்து நில்லப்பா. உனக்கு என் வணக்கம்.