தாத்தா வீட்டு விசேஷம்

மேடையில் இருக்கும் பெரியவர்களே, தலைச் சாம்பலைத் தட்டிவிட்டு வந்து அமர்ந்திருக்கும் என் ஊராரே! அன்று கல்யாண வீட்டில் இருந்தவர்களைச் சொல்லித்தான் தொடங்குவேன். அடுப்படியில் கினெம், தார்மி, நான். பந்தலில் கசியோவும் அவன் தம்பிகளும். உள்ளே மணப்பெண் ரெட்னோ. வாசலில் பெண்ணைப் பெற்ற ஊர்த்தலைவர். அவர் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். அத்தனை பேரும் உயிரோடு இங்கே இருக்கிறோம். எரிமலைக் கண்காணிப்பு நிலையத்து விக்னியோ ஐயா, நம் வாயில் பாக் விக்னியோ, மட்டும் படமாக இருக்கிறார்.

வந்த புதிதில் ஒலிபெருக்கியில், "எச்சரிக்கை நான்காம் நிலை" என்றார். "நாலு நிலையா? நம்ம ஊர்ல மாடியே கிடையாதே பாக்" என்றான் கசியோ. ஊரே சிரித்தது. அவர் கோபித்தாரா? நம் பேச்சைக் கற்றுக்கொண்டார். மலையை நாம் தாத்தா என்போம். அது வெடிப்பதை விசேஷம் என்போம். பிறகு அவரும், "தாத்தா வீட்டுல விசேஷம், வழிய விடுங்க" என்றே அறிவித்தார். ஒவ்வொரு முறையும் இறங்கினோம், பிழைத்தோம்.

அன்றும் அதையே அறிவித்தார். கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தேன். தலைவர் வாசலை மறித்தார். அவரையும் ஊர் தாத்தா என்றுதானே அழைக்கும்?

"எங்க ஓடுறீங்க? தாத்தா நான்தான். என் வீட்டு விசேஷத்துக்குத்தான் விக்னியோ வழி விடச் சொல்றாரு."

"மலை உறுமுதே, தாத்தா?"

"லாரிச் சத்தம். போய்ச் சோத்தைக் கிண்டு."

அவருக்குத் தெரியாதா? கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி விக்னியோ காலையில் கெஞ்சியதை என் காதால் கேட்டேன்.

கீழே ஊர் காலியாகியும் நாங்கள் வராததைக் கண்டு விக்னியோ மோட்டார் சைக்கிளில் மேலே வந்தார். பந்தலில் நின்று, நாம் வாயால் சொல்லாததைச் சொன்னார்.

"மலை வெடிக்குது. இவரு இல்ல, மலை. ஓடுங்க."

தார்மி காதைப் பொத்தினாள். "அப்படிச் சொல்லாதீங்க பாக், அது கோவிச்சுக்கும்."

"கோவம் என்மேல இருக்கட்டும்மா. நீ வாசல்ல நிக்கிற லாரியில ஏறு."

ஏறினோம். தலைவரும் ஏறினார். மேல்தெருவில் படுக்கையில் கிடந்த கிழவரைத் தூக்கிவர விக்னியோ திரும்பினார். மலை கக்கிய சுடுமேகம் எங்களை விட்டது, அவரை விடவில்லை.

இனி இந்த ஊரில் மறைபேச்சு வேண்டாம். காவல்கொட்டிலின் மரமணியை அடித்து, "மலை வெடிக்குது" என்றே கத்துவோம். இது பாக் விக்னியோ மேல் ஆணை.

மலையை மன்னித்துவிட்டேன், அதற்கு நம் பேச்சு புரியாது. புரிந்தே திரித்தவர் இதோ முதல் நாற்காலியில், மாலையும் கையுமாக இருக்கிறார். இனி அவரைத் தாத்தா என்று அழைக்கமாட்டேன். பெயரையே சொல்கிறேன்: கர்சோடிமெஜோ.