கப்பலுக்குள் தெரிந்த வெளிச்சம்

கதவைச் சாத்திவிட்டு வாங்க... இன்னும் கிட்ட. இது நம்ம ஜூடியின் நாத்தனார் ஜெமிமாவுக்கு நடந்தது. அவளிடம் போய்க் கேட்காதீர்கள். சொல்ல மாட்டாள்.

சாயங்காலம் நாலு மணி. எண்ணூருக்குக் கிழக்கே நடுக்கடல். கப்பல்கள் வந்துபோகிற வழிக்கும் அப்பால், வேறொரு படகு கண்ணில் படாத இடம். கரை இருக்கும் திசையில் அனல்மின் நிலையத்துச் சிம்னிகள் மட்டும், நட்டுவைத்த ஊதுபத்தி மாதிரி மங்கலாகத் தெரிந்தன.

ஜெமிமாவுக்குத் தண்ணீருக்கடியில்தான் வேலை. முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குகிறவர்களைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவாள். பழைய விசைப்படகு ஒன்றில் மரப்படுக்கை அடித்து, சமைக்க ஒரு மூலை ஒதுக்கி, சில நாள் கடலிலேயே தங்கி முங்குகிற மாதிரி மாற்றியிருந்தார்கள். ஓட்டியவர் திருவொற்றியூர் ரகுபதி, இருபது வருஷம் மீன்பிடித் தொழிலில் இருந்தவர். வந்தவர்கள் பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர். ஜெமிமா தனிப் பொறுப்பில் ஆட்களைக் கூட்டிவந்தது அதுதான் முதல் தடவை.

அவர்கள் பார்க்க வந்தது கீழே கிடந்த ஒரு சரக்குக் கப்பலை. எப்போதோ, ஏறியிருந்த அத்தனை பேரோடும் மூழ்கியது. பெயர் இருந்த இடத்தைச் சிப்பி தின்றுவிட்டது. லேசான கடல் இல்லை அது. நீரோட்டம் ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். தண்ணீர் கலங்கினால் நீட்டிய கை தெரியாது. ஆனால் மீன்... அப்பா! ஆள் உயரக் களவா, கூட்டங்கூட்டமாகச் சீலா, மணலுக்குள் கண் மட்டும் தெரியப் புதைந்திருக்கும் திருக்கை, இரும்புக் கம்பியில் சுற்றிக்கொண்டு தூங்கும் கடல் பாம்பு. அதற்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

ஜெமிமா ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள். "கப்பல் உள்ள மட்டும் யாரும் போவக் கூடாது. நானே போவ மாட்டேன்."

அன்றைக்கு நீரோட்டம் திடீரென்று திரும்பியது. தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. மேலே போகலாம் என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மூன்று பேர். நாலாவது ஆள் வல்லரசைக் காணவில்லை. மற்றவர்களை நங்கூரக் கயிற்றைப் பிடித்து ஏற விட்டுவிட்டு இவள் கீழேயே நின்றாள்.

அப்போதுதான் தெரிந்தது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கதவில்லாத வாசல். உள்ளே, மஞ்சளாக ஒரு டார்ச் வெளிச்சம். மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

போனாள். வேறென்ன செய்வாள்? அவளை நம்பி வந்தவன்.

உள்ளே நுழைந்ததும் மீன்கள் இல்லை. வெளியே அவ்வளவு மீன்... உள்ளே ஒன்றுகூட இல்லை. வெளிச்சம் முன்னால் போனது, இவள் பின்னால். ஒரு அறை, அதைத் தாண்டி இன்னொரு அறை. அவள் விட்ட மூச்சு குமிழி குமிழியாகக் கூரையில் முட்டி, துரு உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் காப்பித்தூளைக் கொட்டிய மாதிரி ஆகிவிட்டது. கையெட்டும் தூரத்தில் வெளிச்சம் நின்றது. எட்டிக் காலைப் பிடித்தாள்.

முங்குகிறவர்கள் காலில் மாட்டுகிற ரப்பர் துடுப்பு இல்லை.

வெறுங்கால். விரல்கள் கையில் பட்டன. அந்தக் குளிர்ந்த தண்ணீரில், அந்தக் கால் சூடாக இருந்தது. ஜுரம் வந்தவன் கால் மாதிரி. உதறவில்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. பிடித்துக்கொள் என்று விட்டுவைத்த மாதிரி... சும்மா இருந்தது.

கையை எடுத்தாள். வெளிச்சம் அணைந்தது.

திரும்பி வாசலைத் தேடினாள். சுவர். தடவிக்கொண்டே போனாள். சுவர், குழாய், மறுபடி சுவர். வந்த வழி இருந்த இடத்திலும் சுவர். தன் மூச்சுச் சத்தம் மட்டும்... இழுப்பு, குமிழி, இழுப்பு, குமிழி. காற்று மீட்டரைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள். முள் சிவப்புக்குப் போயிருந்தது. கத்தினால் காற்று வீண். அழுதாலும் வீண். அம்மா முகம் வந்தது. அதையும் தள்ளிவிட்டாள்.

தன் டார்ச்சை அணைத்துப் பார்த்தாள். இருட்டு... இருட்டு... பிறகு பச்சையாக ஒரு கீற்று. உடைந்த ஜன்னல் ஓட்டை. சிலிண்டரோடு நுழைய முடியாது. வாயில் இருந்த குழாயைக் கடித்துக்கொண்டு, முதுகுப் பட்டையைக் கழற்றி, சிலிண்டரை முதலில் வெளியே தள்ளினாள். தலை போனது. தோள் போனது. இடுப்பில் மாட்டிக்கொண்டது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் கணுக்காலைப் பிடித்தது.

இழுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தது. அவள் பிடித்த அதே மாதிரி. சூடாக. ஓட்டையில் பாதி உடம்பு, உதைக்க முடியாது, திரும்ப முடியாது. எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் ஒவ்வொரு விரலாக... விட்டது.

மேலே வந்தவளை ரகுபதிதான் அள்ளித் தூக்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது.

"இன்னாம்மா... மூஞ்சி இப்டி கீது?"

"வல்லரசு... வல்லரசு உள்ள மாட்டிக்கினான்ணா..."

"அவன் அப்பவே மேல வந்துட்டான்மா! மாஸ்க்ல தண்ணி பூந்துச்சாம். தோ பாரு, டீ குடிச்சிகினு கீறான்."

வல்லரசு டம்ளரோடு எழுந்து நின்றான். காலில் இன்னும் துடுப்பு மாட்டியிருந்தது.

ஜெமிமா அவனைத் திட்டவில்லை. ஒரே வார்த்தை. "கெளம்பலாம்."

ரகுபதி உடனே எழுந்தார். நங்கூரத்தை இழுக்கப் போனார். வரவில்லை. நாலு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை. இன்ஜினைப் போட்டு முன்னால் போனார், பின்னால் வந்தார். டீசல் புகைதான் மிச்சம், படகு இருந்த இடத்திலேயே நின்றது.

"கப்பல்ல சிக்கிகிச்சு போல," என்றான் வல்லரசு. "யாராவது எறங்கி எடுத்து வுட்டா..."

யாரும் ஜெமிமாவைப் பார்க்கவில்லை. அவள் யாரையும் பார்க்கவில்லை.

கடல் அப்போது தட்டையாகக் கிடந்தது. அலையே இல்லை. ஆனால் படகின் முன்பக்கம் லேசாகத் தாழ்ந்தது. நிமிர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தாழ்ந்தது. கயிறு விறைத்து, முறுக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. இந்தத் தடவை முழுசாக நிமிரவில்லை. சமையல் மூலையிலிருந்து டீ டம்ளர்கள் ஒவ்வொன்றாக முன்பக்கம் உருண்டு வந்தன.

"அறுத்துடுண்ணா," என்றாள் ஜெமிமா. "அண்ணா... அறுத்துடு."

ரகுபதி கயிற்றில் கத்தியை வைத்தார். பட்டென்று துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். படகு துள்ளி நிமிர்ந்தது. அறுந்த கயிறு தண்ணீரில் விழுந்து மிதந்தது. நீல பிளாஸ்டிக் கயிறு, அது முங்காது. நீளமாக, வளைந்து வளைந்து கிடந்தது.

எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

பிறகு கயிறு அசைந்தது. ஒரு முழம் உள்ளே போனது. நின்றது. இன்னொரு முழம்... நின்றது. யாரோ கை மாற்றிக் கை மாற்றி நிதானமாகச் சுருட்டுகிற மாதிரி, வளைவெல்லாம் நேராகி, அறுந்த நுனி அவர்கள் கண்ணெதிரில் விலகி விலகிப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது.

ரகுபதி முழு வேகத்தில் படகைத் திருப்பினார். காசிமேடு விளக்குகள் தெரியும்வரை வேகத்தைக் குறைக்கவில்லை. தெரிந்த பிறகு, ஜெமிமாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எத்தினி வருசம் வலை இஸ்த்துகீறேன்... கயிறு போற தினுசு பாத்தா எத்தினி பேரு புட்ச்சிகினு கீறாங்கன்னு தெரியும்மா. அது ஒரு ஆளு இஸ்த்தது இல்ல. அத்தினி பேரும் வரிசையா நின்னு இஸ்த்தாங்க."