மூணாவது வரி

ஐய, அந்த நெளிவ விடுங்க அண்ணாச்சி. கம்ப்யூட்டர் டப்பா எப்படிப் போனா என்ன, உள்ள டிஸ்க் உசுரோட இருக்கான்னு பாருங்க. ஐந்தருவியிலருந்து பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டாந்திருக்கேன். சாரல் வேற. முந்தானையப் போட்டு மூடிக்கிட்டு வந்தேன்.

கையா? வீங்கித்தான் இருக்கு. அதச் சொல்லுதேன், மொதல்ல வயர மாட்டுங்க.

நீங்கதான லாட்ஜுக்கு வந்து இதுல மூணு சிஸ்டம் போட்டுக் குடுத்தீய? எங்க வீட்டுக்காரவியளுக்குப் பழைய விண்டோஸு, அதுலதான் ரூம் பில்லு ஓடும். பாப்பா படிக்கப் புது விண்டோஸு. மூணாவது லினக்ஸு, அது எனக்கு. அது வெளிய தெரியவே கூடாது, ஆன் பண்ணா நேரா பில்லுக்குப் போவணும், நான் பட்டன அமுக்குனா மட்டும் என்னுது வரணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்களும் நல்லாத்தான் போட்டுக் குடுத்தீய.

நேத்து பில்லு வரலன்னு அவிய உங்களக் கூப்பிட்டாவ. சரி பண்ணமா, போனமான்னு இருக்க வேண்டியதுதான? வசதியா இருக்கட்டும்னு, ஆன் பண்ணதுமே மூணும் ஸ்க்ரீன்ல வரிசையாத் தெரியுத மாரி எடுத்து விட்டிருக்கீய. யாரு சிஸ்டமோ அவிய பேர எழுதி வைக்க பழக்கம் வேற உங்களுக்கு. மொத வரி லாட்ஜ், ரெண்டாவது பாப்பா, மூணாவது வரி ஜெயசித்ரா. கொட்ட எழுத்துல! நான் மாடியில பெட்ஷீட் மாத்திக்கிட்டு இருந்தேன். பாத்திருந்தா உங்க கையப் புடிச்சிருப்பேன்.

இன்னைக்குக் காலைல ஆன் பண்ணிப் பாத்துட்டாவ. என்னட்டி இது, ஒனக்கெதுக்குத் தனியா ஒண்ணு, உள்ள எவன வச்சிருக்கேன்னு கேட்டாவ. எவனும் இல்லன்னேன். முடியப் புடிச்சு கவுண்டர்ல முட்டுனாவ. பாஸ்வேர்டச் சொல்லுட்டின்னு இந்த விரல ஒண்ணொண்ணாப் பின்னால மடக்குனான். ரெண்டு அப்பமே ஒடிஞ்சிட்டு. நான் வாயத் தொறக்கல.

உள்ள யாருன்னு நீங்களுமா கேக்கீய? அவன்தான் அண்ணாச்சி உள்ள இருக்கான். பெல்ட்டால அடிச்சது, இஸ்திரிப் பெட்டிய முதுகுல வச்சது, பாப்பா கண்ணு முன்னால வயித்துல மிதிச்சது, எல்லாத் தழும்பையும் போட்டோ எடுத்து வச்சிருக்கேன். ரிசப்ஷன் கேமராவுல விழுந்தத அவன் அழிக்கதுக்குள்ள காப்பி பண்ணிருக்கேன். என் போனத் தெனமும் வாங்கி நோண்டுவான். அதுல வச்சா தப்புமா?

மூஞ்சியத் தொங்கப் போடாதீய. ஒங்ககிட்ட சண்டைக்கு வரல, வெவரம் தெரியாமச் செஞ்சிட்டீய.

நான் சொல்லலன்னதும், இதையும் ஒடைக்கேன் ஒன்னையும் ஒடைக்கேன்னு வயர அத்துக்கிட்டு டப்பாவத் தலைக்கு மேல தூக்கிட்டான் பாவி. எத்தன வருசமாச் சேத்தது அண்ணாச்சி! எலே வல்லிநாயகம்னு கத்துனேன். கல்யாணம் ஆனதுலருந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லயா, அப்படியே மலச்சுப் போயி நின்னான். கையிலருந்து புடுங்கிட்டேன்.

ஆங், வந்துட்டு, வந்துட்டு! மூணாவது வரியத் தட்டுங்க. நவுருங்க, பாஸ்வேர்ட நானே போடுதேன். எல்லாத்தையும் ஒரு பென்டிரைவுல ஏத்திக் குடுங்க. இங்கனயிருந்து நேரா ஸ்டேஷனுக்குத்தான் போறேன்.

என்னத்துக்கு வாசலையே பாக்கீய? அவன் வர மாட்டான். கவுண்டருக்குப் பின்னால கெடக்கான். மூக்குல கைய வச்சுப் பாத்து, மூச்சு இல்லன்னு தெரிஞ்சுதான் கதவப் பூட்டுனேன். வந்ததும் நெளிவக் கேட்டீயல்லா, அது அவன் மண்டையில பட்டது.